சோதனைச் சாவடியில் ஒரு புரதம்

எண்பதுகளின் நடுப்பகுதியில், எங்கள் தீவுக் கிராமமான கரம்பொன்னில் இருந்தபடியே நான் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கணித்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்துப் பின்னர் வெளிநாட்டில் பேராசிரியரான நண்பர் அதற்கான தாள்களை அனுப்பியிருந்தார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது தன்னைத்தானே மடித்துச் சுருட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அமிலத்தின் நடுக் காபன் அணுவும் எங்கே நிற்கிறது என்பதை அத்தாள்கள் மும்மூன்று எண்களாகத் தந்தன. அணுக்களுக்கிடையிலான தூரங்களை அவருடைய கணினி கணித்திருந்தது. அவ்விடைகளில் அவருக்கு ஐயம். கையால் சரிபார்க்க நம்பகமான ஒருவர் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியனான எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாயிருந்தது.

அத்தூரங்களைக் கையால் கணித்து ஐந்து மாதங்கள் உழைத்தேன். வரைபுத்தாளின் மேலும் பக்கவாட்டிலும் அமிலங்களை வரிசைப்படுத்தி, நெருங்கி நிற்கும் ஒவ்வோர் இணைக்கும் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினேன். சங்கிலி எங்கே மடிகிறது என்பதை அக்கறுப்புத் திட்டுகள் காட்டின.

வெளிநாடு செல்லவிருந்த உறவினரிடம் அந்த வரைபுத்தாளையும் எண் தாள்களையும் கொடுப்பதற்காக, ஊர்காவற்றுறையில் காரைநகர் செல்லும் வள்ளத்துக்காக மனைவியோடு வரிசையில் நின்றேன். துறையின் சோதனைச் சாவடியில் படையினர் என் பையைத் திறந்தனர்.

"இது எந்த இடம்?" என்றார் அதிகாரி, வரைபுத்தாளை விரித்தபடி, ஓரளவு தமிழில்.

"இடமல்ல, புரதம்."

"இந்த எண்கள்?"

"ஒவ்வொரு மூன்று எண்ணும் ஓரிடத்தைக் குறிக்கும்" என்றேன்.

விடை துல்லியமாக இருக்கவேண்டுமென்று மாணவரை வருத்தியவன் நான். என் விடையும் துல்லியமானதே. அதிகாரியின் முகம் மாறியது. படையினன் ஒருவன் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றான். முந்திய வாரம் அதே துறையில் படையினரால் அழைத்துச் செல்லப்பட்ட ஒருவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

மனைவி முன்னே வந்தார். "ஐயா, அது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை பரீட்சைப் புள்ளி. இவர் வாத்தியார். பயத்திலை என்னவோ சொல்லுறார்."

அதிகாரி ஓர் எண்ணில் விரலை வைத்தார். "இது சைபருக்குக் கீழே. அப்படியும் புள்ளி போடுவாரா?"

"இவர் போடுவார் ஐயா. பிழை விட்டால் குறைப்பார்."

எவருக்கும் நான் அவ்வாறு புள்ளியிட்டதில்லை. ஆனால் வரிசையில் மீன்பெட்டியோடு நின்ற என் பழைய மாணவர் ஒருவர், "ஓம் ஐயா, எனக்கும் சைபரிலையிருந்து குறைச்சவர். அதாலைதான் இப்ப மீன் விக்கிறன்" என்றார். வரிசை சிரித்தது.

"உண்மையா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"உண்மை" என்றேன்.

எண்களைத் திருப்பித் தந்தார். வரைபுத்தாளை வைத்துக்கொண்டு, என் பெயரையும் முகவரியையும் எழுதினார். "விசாரிப்போம்" என்றார்.

நாங்கள் வள்ளம் ஏறாமலே வீடு திரும்பினோம். வீதியில் வாகனம் வேகம் குறைக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் படலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் தாள்களையும் கணிப்புக் கொப்பிகளையும் குசினி அடுப்பில் எரித்தேன்.

"உங்கடை சிநேகிதருக்கு என்னெண்டு எழுதப்போறியள்?" என்று மனைவி கேட்டார்.

"கணக்குப் பிழைச்சிட்டுது எண்டு."

கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்பட்ட காலம். வேறெதுவும் எழுத இயலாது. என் கணிப்பில் பிழைகள் மலிந்துவிட்டன, வேறொருவரிடம் ஒப்படைக்கவும் என்று எழுதினேன். நண்பர் மிகுந்த பரிவோடு பதில் எழுதினார்: நமக்கும் வயதாகிறதல்லவா, வருந்தவேண்டாம். நான் மறுத்து எழுதவில்லை.