தரையைப் பார்த்த டைனோசர்கள்

ஒரு டைனோசர் பொம்மை தேறுமா தேறாதா என்று சொல்ல எனக்கு அதிக நேரம் பிடிக்காது. இன்றைக்கும் பொம்மைக் கடையில் நுழைந்தால் கை சும்மா இருப்பதில்லை. ஒன்றை எடுத்து வயிற்றின் அடியில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவேன். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் பிசிறு விட்டிருந்தால் நகம் தட்டும். பிறகு கண்ணாடி மேசையின்மேல் நிறுத்தி மேசையை லேசாகத் தட்டுவேன். நல்ல பொம்மை ஆடிவிட்டு நிற்கும், மட்டமானது மூக்கில் விழும். பல்லின் வெள்ளை ஈறில் வழிந்திருக்கிறதா, நகத்தின் கறுப்பு விரலில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக அதன் மூஞ்சியை என் மூஞ்சிக்கு நேராகப் பிடிப்பேன். அது என்னைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை. இதற்குள் கடைக்காரன், "வாங்க வந்தியாம்மா, ஆராய்ச்சி பண்ண வந்தியா?" என்று கேட்டிருப்பான்.

டைனோசர் பொம்மைக்கு வண்ணம் போடுகிற வேலையைச் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் என் வலது கண் போனது. வேலையால் போகவில்லை. என் அக்காவின் நல்ல மனசால் போனது. இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு வந்த கோபத்தில் அது கால்வாசிகூட இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரெல்லாம் டைனோசர் பைத்தியம் பிடித்திருந்தது. சட்டையில் டைனோசர், பென்சில் டப்பாவில் டைனோசர். ஜீவனஹள்ளியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய குடோனை வெள்ளையடித்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் டைனோசர் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார்கள். குழந்தைகள் தூக்கிப்போட்டு விளையாடுகிற சாமானில்லை. அங்கே வளர்ந்த ஆண்பிள்ளைகள் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வரிசையாக வைப்பார்களாம். ஒவ்வொன்றின் பாதத்துக்கு அடியிலும் ஒரு நம்பர் பொறித்திருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அங்கே வேலைக்குப் போனோம். என் புருஷன் என்னை விட்டுவிட்டு ஓசூர் பக்கம் வேறு குடித்தனம் போய்விட்டிருந்தான். எனக்கும் மகளுக்கும் அந்த வேலைதான் சோறு. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் வீடு என் வீட்டுக்கு அடுத்த வாசல்.

தோலுக்கு வண்ணம் ஸ்பிரேயில் போய்விடும். பல், நகம், கண் மூன்றும் கையால்தான். கண்தான் பெரிய வேலை. முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் நடுவில் கறுப்புப் பொட்டு. இருப்பதிலேயே சின்ன பிரஷ், அதில் நாலைந்து மயிர்தான் இருக்கும். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் ஈர வண்ணத்தில் விரல் படும் என்று, ஒரு பக்கக் கண்ணை ஒருத்தியும் மறுபக்கக் கண்ணை எதிரில் இருப்பவளும் போட வேண்டும் என்பது அங்கே முறை. நான் முதல் கண். டிரே என் கையை விட்டு எதிர்ப் பக்கம் போகும். அங்கே அக்கா ஜோடிக் கண்ணைப் போடுவாள்.

ஜோடி சேராவிட்டால் பொம்மை ஒன்றரைக் கண்ணாகிவிடும். ரிஜெக்ட். ஜோடி ஜோடியாகத்தான் ரிஜெக்ட் எண்ணுவார்கள், ஜோடியாகத்தான் வேலையை விட்டும் அனுப்புவார்கள். அதனால் செக்கிங் பார்க்கிற சார் எங்களுக்கு எமன் மாதிரி. துமகூர் பக்கத்து மனிதர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். கெட்டவர் இல்லை. நகத்தை ஓட்டிப் பார்ப்பார், கண்ணாடியில் நிறுத்துவார், கடைசியில் பொம்மையை மூக்குக்கு நேராகப் பிடித்து, "எரடு கண்ணும் ஒண்ணா இருக்கா? சரி, ஹோகு" என்று பெட்டிக்கு அனுப்பிவிடுவார். இதுதான் மாதிரி என்று வெளிநாட்டிலிருந்து வந்த முதல் பொம்மை ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்தது. எடுத்தால் அழுக்காகிவிடுமாம். இரண்டு கண்ணும் ஒத்துப்போகிறதா என்றுதான் அவர் பார்த்தார். அசலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவில்லை.

எங்கள் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வாய்க்காரி. மனசில் பட்டதைச் சொல்லாவிட்டால் எனக்கு ஜீரணமாகாது. அக்கா நேர் எதிர். யாருக்கும் எதையும் 'நல்லாயில்லை' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. காந்திப்போன குழம்பைக் கொடுத்தாலும் "வாசனையா கீது" என்று சாப்பிடுவாள். தெருவே அவளைத் தங்கம் என்று சொல்லும். என்னைப் பற்றித் தெரு என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும்.

வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினார். எங்கள் மேசையில் தயாரான பொம்மை ஒன்றை எடுத்தார். வழக்கமான சோதனை எல்லாம் செய்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்தபோது நெற்றி சுருங்கியது. பீரோவிலிருந்து மாதிரிப் பொம்மையை எடுத்துவரச் சொன்னார். பிறகு குடோனில் தங்கியிருந்த, எங்கள் ஜோடி கண் போட்ட பழைய லாட்டுகளில் லாட்டுக்கு ஒன்றாக எடுத்து, செய்த வரிசைப்படி எங்கள் மேசையிலேயே நிறுத்தினார்.

எல்லாப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். மாதிரி நம்மை நேராகப் பார்த்தது, பார்க்கிறவரைக் கடித்துவிடுவது போல. அடுத்தடுத்து வந்தவற்றில் கறுப்புப் பொட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருந்தது. கடைசிப் பொம்மை தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை பல்லை வைத்துக்கொண்டு, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி ஒரு முகம். ஒவ்வொரு பொம்மையிலும் இரண்டு கண்களும் அச்சாக ஒத்துப்போயிருந்தன. அதனால்தான் எல்லாமே பாஸாகியிருந்தன. தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது நமக்குத் தெரியாதே, அதுபோல் செக்கிங் சாருக்கும் தெரியவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. எல்லார் முன்னாலும் அக்காவைப் பிடித்தேன். "இன்னாடி பண்ணி வெச்சிருக்கே? நான் கரெக்டா போட்டு அனுப்புறேன், நீ தூங்கினே போடுறியா? ரெண்டு பேர் பொழப்பையும் கெடுத்துட்டியேடி!" அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தவளை அன்றைக்கு 'டி' போட்டுப் பேசினேன்.

செக்கிங் சார்தான், "சும்னிரம்மா, கத்தாதே. முதல் கண்ணு உன்னுது தானே. அவங்க உனக்கு அப்புறம் தானே போடுறாங்க" என்றார். அதற்கும் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா மேசையைச் சுற்றி வந்து, வண்ணக் கறை படிந்த உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள்.

"இப்ப இன்னா தெரியுது, சொல்லு."

சாம்பல் தெரிந்தது. ஜன்னல் இருக்கிற பக்கம் கொஞ்சம் வெளுப்பான சாம்பல். மேசை இல்லை, பொம்மை இல்லை, அத்தனை பெண்களில் ஒருத்திகூட இல்லை. நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பி வந்தார்கள். மறுபடி நானே பொத்திப் பார்த்தேன். மறுபடி எல்லாரும் போனார்கள்.

அந்த லாட்டுகள் முழுவதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். எங்கள் இருவரையும் இனி வர வேண்டாம் என்றார்கள். அதைக் கேட்டு அழக்கூட எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அக்கா என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா எங்கள் ஆள்தான், தமிழ் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பு காய்ந்துவிட்டது என்றார். வலி இருக்காது, சிவக்காது, ஒரு கண் போவதை இன்னொரு கண் மூடி மறைத்துக்கொண்டே இருக்கும் என்றார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, பிரஷ் வைக்கிற இடம் தப்பும் என்றார். "போன பார்வை போனதுதான்மா. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. சொட்டு மருந்து போட்டு இருக்கறதைக் காப்பாத்தப் பார்ப்போம். எத்தனை நாளா இப்படி?"

நான் தெரியாது என்றேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "போன வருஷம் கணபதி ஹப்பத்துக்கு முன்னால இருந்து, மேடம். அப்பவே பொட்டு எறங்க ஆரம்பிச்சுது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்பவே வந்திருந்தா நிறுத்தியிருக்கலாமே" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்டேன். ஏன் சொல்லவில்லை? ஏன் உன் பொட்டையும் இறக்கிப் போட்டாய்? அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு ஒத்துப்போனா பாஸ் பண்ணிடுறாரு. நீ மேல போட மாட்டேன்றே, சரி, நான் கீழ போடுறேன்னு போட்டேன். புருஷன் போன வெசனத்துல கை தளந்திருக்கு, தானா சரியாப் பூடும்னு நெனச்சேன். உன் வேலை போவக் கூடாதுன்னுதான். சொன்னா நீ கத்துவே."

"கத்தியிருப்பேன். கத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன்!" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "கூடப் பொறந்தவளை நடுரோட்டுல இப்படிப் பேசுவாங்களா?" என்றார். தங்கம் அப்போதும் அழுதுகொண்டு நின்றது, ராட்சசி நான்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் எல்லாரும் சுலபமாகச் சொல்வார்கள். நிஜமாகவே கண் கெட்டவளுக்கு அந்தப் பழமொழி எவ்வளவு எரிச்சல் தரும் என்று சொன்னவனுக்குத் தெரிந்திருக்காது.

அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் மருந்து போட வேண்டுமே. நானே போட்டால் சொட்டு கன்னத்தில் விழும், மூக்கில் விழும். மகள் சின்னப் பெண், அவளுக்குக் கை நடுங்கும். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அக்கா வந்து நிற்பாள். நான் பேசாமல் முகத்தை நிமிர்த்துவேன். அவள் இமையைப் பிரித்துச் சரியாக நடுவில் ஒரு சொட்டு விடுவாள். ஒருநாளும் தவறியதில்லை. அவளுடைய கை அப்படிப்பட்ட கை. அந்தக் கையை நான் வெறுத்தேன், அது வருவதற்குத் தாமதமானால் வாசலையும் பார்த்தேன்.

வருஷங்கள் போயின. புது நூற்றாண்டு வந்தது, மகள் பள்ளிக்கூடம் முடித்து நீலசந்திராவில் ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்தாள். பேச்சுவார்த்தை எப்படியோ திரும்பி வந்துவிட்டது. உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்கிற அளவில். மன்னித்தேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் செக்கப்புக்கு அக்காதான் கூட வருவாள். ஒரு தடவை பார்வையின் அகலத்தை அளக்கிற மெஷினில் உட்காரப் போகும்போது கரண்ட் போய்விட்டது. டாக்டரம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு, "பரவாயில்லை, கையாலேயே ஒரு தடவை பார்த்துடறேன்" என்று என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் வலது கண்ணைப் பஞ்சால் மூடினார்.

"என் மூக்கை மட்டும் பாரும்மா. கண்ணைத் திருப்பக் கூடாது. பக்கத்துல எத்தனை விரல் காட்டுறேன்னு சொல்லு."

மூக்கைப் பார்த்தேன். அவர் பக்கவாட்டில் கையை நீட்டினார் என்பது தோள் அசைந்ததில் தெரிந்தது. கை தெரியவில்லை. வழக்கமாகத் தெரிகிற இடம்தான் அது. அப்போது டாக்டரம்மாவின் தலைக்கு நேர் பின்னால், சுவரோரம் நின்றிருந்த அக்கா தெரிந்தாள். நெஞ்சருகே கையை வைத்து இரண்டு விரல்களை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு" என்றது என் வாய்.

"குட்" என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தை எவ்வளவு இனித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோள் மறுபடி அசைந்தது. அக்காவின் ஒரு விரல் மடங்கியது. அவள் முகத்தில் அத்தனை கவனம், அத்தனை பிரியம். இந்த ஜென்மத்தில் என்னை அவ்வளவு நேசித்த ஆள் வேறு யாரும் கிடையாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தெரியலை, டாக்டர்" என்றேன். "முன்ன சொன்னதும் தெரியாம சொன்னதுதான். எங்க அக்காவைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்க."

செருப்புச் சத்தம் வாசல்வரை போயிற்று, கதவு சாத்திக்கொண்டது. டாக்டரம்மா கையை மறுபடி நீட்டி, மெல்ல மெல்ல உள்பக்கம் கொண்டுவந்தார்.

"இப்ப?"

"தெரியலை."

"இப்ப?"

"இல்லை."

விரல்கள் அவருடைய காதுக் கம்மலைத் தொடுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான், "இப்ப தெரியுது" என்றேன்.