ஸ்லாவெங்காவின் இடது விளக்கு

இவாஞ்சிட்சா மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற நர்ஸ் ஸ்லாவெங்கா. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு, அவள் காருக்கு முப்பத்தொன்று. எங்கள் நாட்டில் நவம்பர் முதல் மார்ச் வரை பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிந்தாக வேண்டும். போன மார்ச் தொடக்கத்தில் இடது விளக்கு மங்கிப்போக, ஒரே வாரத்தில் இரண்டு முறை போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

மெக்கானிக் ரதோமிரிடம் போனாள். துணைக்கு நானும் போனேன், பக்கத்து வீட்டுக்காரி.

"லைட்டப் போட்டா இண்டிகேட்டரும் லேசா மினுங்குது. அதக் கொஞ்சம் பாருப்பா."

"சிஸ்டர், நீங்க ஊசியப் பாருங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பல்பை மாற்றினான். மங்கல்தான். சுவிட்சை மாற்றினான். அப்போதும் மங்கல்தான். மூன்றாம் முறை பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "வயரிங் பூராப் போச்சு. காயலாங்கடைக்குத் தள்ளிடுங்க. வண்டிக்கும் வயசாச்சு, உங்களுக்கும் ஆச்சு."

 வீடு வந்ததும் வெடித்தாள். "நோயாளி எங்க வலிக்குதுன்னு சொன்னா நான் காது குடுத்துக் கேக்கறேன்ல? இவன் ஒரு தடவ கேட்டானாடி?"

மறுநாள் காலை அவளே பானெட்டைத் திறந்தாள். ஒரு துண்டு வயரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை விளக்கின் எர்த் முனையிலும் வைத்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். விளக்கு பளீரென்று எரிந்தது.

"பாத்தியா! பல்பும் நல்லாருக்கு, கரண்டும் வருது. திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு."

எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனாள். மட்கார்டின் உட்புறம் ஒரு போல்ட்டில் அது முடிந்தது. போல்ட்டுக்கு அடியில் தடியாக நீலப் பெயிண்ட், கரண்டை இரும்புக்குப் போகவிடாமல். குளிர்காலத்தில் ஒடுக்கெடுத்து அந்தப் பெயிண்டை அடித்தவன் சாட்சாத் ரதோமிர்தான்! இரும்பு தெரியும்வரை கத்தியால் சுரண்டி, போல்ட்டை இறுக்கினாள். இரண்டு விளக்கும் ஒன்றுபோல் எரிந்தன. இண்டிகேட்டர் மினுங்கவில்லை.

நேராகப் பட்டறைக்கு ஓட்டினாள்.

"எர்த்துக்கு அடியில பெயிண்ட் அடிச்சது யாருடா?"

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்துல சரியாயிருச்சு சிஸ்டர்..."

"அதிர்ஷ்டமா? மூணு வாரம்டா! படுக்கையில கெடக்கறவங்களுக்கு ஊசி போட நான் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்னேன். என் பழைய சுவிட்ச எடு. அதுல ஒரு கோளாறும் இல்ல."

முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். அன்று சிரித்தவர்களில் ஒருவன் மெல்ல அருகில் வந்தான். "சிஸ்டர், என் வண்டி லைட்டும் மங்கலாத்தான்..."

"உங்க மெக்கானிக்கையே கேளு. கூடச் சேந்து சிரிச்சேல்ல?"

ரதோமிர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்று காலைகூட அந்தக் காரில்தான் மலைக்குப் போனாள்.