எல்லாவற்றையும் அணைத்த ஹார்லன்

ஹார்லன் பீச் என்பவன் காப்பிக் கடையில் தன் உண்மையான பெயரைச் சொல்ல மாட்டான். கோப்பையில் எழுதுவதற்குப் பெயர் கேட்டால் ஒருநாள் டக் என்பான், இன்னொரு நாள் ஸ்டீவ் என்பான். கடையை நடத்துகிறவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனோடு படித்தவள். அவளும் சளைக்காமல், "ஸ்டீவ், காப்பி ரெடி!" என்று கத்துவாள். கடையே சிரிக்கும். ஹார்லன் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போய் வாங்கி வருவான்.

அவன் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிறவன். பணிமனையில் கேமரா பொருத்தினார்கள் என்று அதன் கண்ணில் சூயிங் கம்மை ஒட்டிவிட்டு, "பறவை எச்சமா இருக்கும்" என்றவன். கையில் இருப்பது மடக்குகிற பழைய போன். அதையும் பாதி நேரம் வண்டியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவான். கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தி அவனோடு மூன்று வருஷம் பழகிவிட்டு, "நான் பல் தேய்ச்சேன்னு சொன்னாக்கூட பிரஷ்ஷைத் தொட்டுப் பாக்கறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

ஆனால் மலை சைக்கிளில் அவனை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. பாதை வெட்டுவதிலும் அப்படித்தான். நான் ரோவீனா. சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வேறு யாரும் முன்வராததால் எங்கள் சைக்கிள் சங்கத்துக்குத் தலைவியும் நானே. இருபது வருஷமாக அவனோடு மலையில் சுற்றியிருக்கிறேன். அவன் மேல் எனக்கு எவ்வளவு பிரியமோ அவ்வளவு எரிச்சலும் உண்டு. இரண்டையும் சேர்த்தேதான் இதைச் சொல்கிறேன்.

அவன் வெட்டிய பாதைகளிலேயே அருமையானது எந்த வரைபடத்திலும் கிடையாது. காட்டுக்குள் மேலே ஆரம்பித்து, பாசி மண்ணில் வளைந்து வளைந்து இறங்கி, ஆர்டிஸ் கோல் என்கிற அம்மாளின் மாட்டுப் பண்ணை வழியாக வெளியே வரும். அந்தக் கடைசிப் பகுதி இல்லாவிட்டால் பாதையே இல்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான பள்ளம். ஆர்டிஸ் கையெழுத்தெல்லாம் கேட்கவில்லை. வேலிக் கதவருகே நின்று ஹார்லனின் கையைக் குலுக்கி இவ்வளவுதான் சொன்னார்:

"கேட்டைத் திறந்தவன் மூடிட்டுப் போகணும். எந்த மேப்லயும் என் நெலம் வரக் கூடாது. வந்துச்சுன்னா அன்னிக்கே பூட்டு."

அதனால் அந்தப் பாதைக்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போவோம் என்பதால் 'சர்ச்' என்போம். "நாளைக்கு சர்ச்சுக்கு வர்றியா?" என்று நடுத்தெருவில் கேட்டாலும் யாருக்கும் எதுவும் புரியாது. எங்களை இவ்வளவு பக்தியான கூட்டம் என்று நம்பிய பாதிரியார், "ஆனா உங்க யாரையும் நம்ம சர்ச்சுல பாக்க முடியலையே" என்று ஒருமுறை என்னிடம் வருத்தப்பட்டார்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் ஆள் ஒருவன் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். மீட்புப் படை வேறு பள்ளத்தாக்கில் தேடிக்கொண்டிருந்தது. "எல்லாரும் ஒரே செயலியில் வழியைப் பதிவுசெய்யுங்கள், எங்களுக்குத் தேட ஓர் இடமாவது தெரியட்டும்" என்று அவர்கள் திட்டினார்கள். எந்தச் செயலி என்று பார்த்துச் சொல்லும் வேலையை நான் ஹார்லனிடம் கொடுத்தேன். அவனே சரி என்று சொல்லிவிட்டால் ஊரில் வேறு யாரும் வாய் திறக்க முடியாதே என்பது என் கணக்கு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

என் கடை மேசை இழுப்பறையில் கிடந்த பழைய போன்கள் மூன்றை எடுத்துக்கொண்டு போனான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு செயலியைப் போட்டான். எதையும் அதன் பெயரால் அழைக்க மாட்டானே, இவற்றுக்கும் பெயர் வைத்தான். முதலாவது பீத்தல். ஏறிய மேட்டையும் இறங்கிய வேகத்தையும் ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கும். இரண்டாவது வம்பு. எந்தப் பாதையில் சேறு, எங்கே மரம் விழுந்திருக்கிறது, யார் யாரோடு போனார்கள் என்று எல்லாம் சொல்லும். புதுப் பாதை தேடுகிறவனுக்கு அதைவிட நல்லது கிடையாது. மூன்றாவது ஊமை. சிக்னல் இல்லாத இடத்திலும் வரைபடம் காட்டும், போன வழியைக் கோடாகப் போட்டுவைக்கும், வேறு பேச்சே இருக்காது.

"இதுங்களைக் குழப்பி விட்டிருக்கேன்" என்று ஒருநாள் வந்து நின்றான்.

"எப்படி?"

"சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்தற இடத்துல அரை மணி நேரம் சுத்தினேன். நான் யாரு, எங்க போறேன்னு எதுக்கும் புரிஞ்சிருக்காது."

போனை வாங்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் மிக வேகமான ஆள் என்று பீத்தல் அவன் தலையில் கிரீடம் வைத்திருந்தது. இன்றைக்கும் அதை யாரும் முறியடிக்கவில்லை.

வம்பு அவன் நண்பர்களின் எண்களைக் கேட்டதாம். "என் சிநேகிதங்க பேரு அதுக்கு எதுக்கு?" என்று குதித்தான்.

"உனக்கு இருக்கறதே நாலு பேரு. கொடுத்தாத்தான் என்னவாம்?"

"அந்த நாலுல நீ ஒருத்தின்னு அதுக்குத் தெரியணுமா?"

கோடை முழுக்க இதே பாட்டுத்தான். கடைசியில் ஊமைதான் என்று தீர்ப்புச் சொன்னான். "அது ஒண்ணுதான் வாயை மூடிட்டு இருக்கு. எல்லாப் பொத்தானையும் அணைச்சு, கோடை முழுக்க சோதிச்சுட்டேன். ஒரு வார்த்தை வெளிய போகல." போன்களைத் துப்புரவாக அழித்து, கணக்குகளையும் மூடி, துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். கைரேகைக்காக இருக்கும். எங்கே வைத்துச் சோதித்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பனி விழுவதற்கு முன்னால், வெளியூர்க்காரர்கள் இருவர் கடைக்கு வந்து போனை நீட்டினார்கள். ஊமையில் எல்லோருடைய பயணங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிற வரைபடம் ஒன்று உண்டு. ஆள் அதிகம் போன வழி பளிச்சென்று தெரியும். அதில் பெயரில்லாத ஓர் ஆரஞ்சுக் கோடு ஆர்டிஸ் கோலின் பண்ணைக்கு நடுவே இறங்கியது.

"இந்தப் பாதைக்கு எப்படிங்க போறது?" என்றார்கள்.

தெரியாது என்றேன். அவர்களாகவே கண்டுபிடித்துப் போயிருக்கிறார்கள். கேட்டை மூடவில்லை. ஆர்டிஸின் கன்றுகள் இரண்டு நெடுஞ்சாலையில் நின்றன. லாரிக்காரன் ஒருவன் நல்லவனாக இருந்ததால் பிழைத்தன. அன்று மாலையே ஆர்டிஸ் ஹார்லனைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் நிலத்தை மேப்பில் போட்டது யார் என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் பூட்டு நிரந்தரம் என்றார்.

ஹார்லனுக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பாதையைத் தவிர அவன் வாழ்க்கையில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாளே ஆளைப் பிடித்துவிட்டான். அதாவது, அவன் மனதுக்குள். ஒஹையோவிலிருந்து வந்த பல் டாக்டர் கார்வின் டேல். மணிக்கட்டில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று என்று கருவிகளை மாட்டிக்கொண்டு, நாயோடு நடப்பதைக்கூடப் பதிவு செய்கிறவர். மூன்று செயலியிலும் இருக்கிறவர். பிரேக் சரிசெய்ய அவர் சனிக்கிழமை என் கடைக்கு வந்தபோது, நாலு பேர் முன்னாலேயே ஹார்லன் வழிமறித்தான்.

"டாக்டரே, எத்தனை நாளா சர்ச்சுக்குப் போறீங்க?"

"நானா? ஈஸ்டருக்குப் போவேன். கிறிஸ்துமஸுக்கும் அம்மா வந்திருந்தாத்தான்."

"நடிக்காதீங்க. சர்ச்சை மேப்ல போட்டது நீங்கதானே?"

"சர்ச் எல்லா மேப்லயும் இருக்குமே. சிலுவை போட்டு."

"யோவ், அந்தச் சர்ச் இல்லய்யா! ரெண்டாவது ஓடையைத் தாண்டி, விழுந்த லார்ச் மரத்துக்குப் பின்னாடி ஆரம்பிச்சு ஆர்டிஸ் பண்ணைல இறங்குதே, அந்தப் பாதை!"

கார்வின் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஓ. அங்க பாதை இருக்கா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாதை ஆரம்பிக்கிற இடத்தை இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாதவன், வழி தவறாமல் சொல்லிக் கொடுத்துவிட்டான். ஹார்லன் அதைக்கூடக் கவனிக்கவில்லை. "பாத்தியா, எவ்வளவு சுத்தமா நடிக்கறான்" என்றான். கார்வினின் காது சிவந்துவிட்டது. "நாலு பேர் முன்னாடி என்னைத் திருடன்னு சொல்லிட்டீங்க" என்றார். சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்து போனார். எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் போன பிறகு, கோபத்தை வேலையில் காட்டட்டும் என்று என் போனை ஹார்லனிடம் நீட்டினேன். "சங்கத்துக்கு ஊமைதான்னு நீதான் சொன்னே. எனக்குப் போட்டுக் கொடு. எதை எதை அணைக்கணும்னு உனக்குத்தானே தெரியும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு பொத்தானையும் படிக்கக்கூட இல்லை. கட்டைவிரலால் தட்டித் தட்டி அணைத்துக்கொண்டே போனான். "எதுவா இருந்தாலும் அணைச்சுடணும். பொத்தான்னு வெச்சிருக்கான்னாலே நம்மகிட்ட எதையோ கேக்கறான்னு அர்த்தம்."

"இரு, இரு. கடைசியா அணைச்சியே, அது என்ன?"

"எதா இருந்தா என்ன?"

போனைப் பிடுங்கி உரக்கப் படித்தேன். 'என் பயணங்களைப் பொது வரைபடத்திலிருந்து மறைத்து வை.'

"மறுபடி படி" என்றான்.

படித்தேன்.

"அதை அணைச்சா?"

"மறைக்காதேன்னு அர்த்தம், ஹார்லன்."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "கோடை பூரா சோதிச்சேன்னியே, எங்க?"

"சர்ச்ல."

"ஏண்டா? ஊர்ல வேற எடமே இல்லையா?"

"ரகசியத்தைக் காப்பாத்துதான்னு தெரியணும்னா, ரகசியம் ஒண்ணைக் கொடுத்துத்தானே பாக்கணும்? மேப்ல இல்லாத பாதை எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. வேற பாதைல போனா, வந்த கோடு என்னுதா அடுத்தவனுதான்னு எப்படித் தெரியும்?" சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "வாரா வாரம் மேப்பைப் பாத்தேன், ரோ. வரவே இல்ல. கோடை முடிஞ்சுதான் ஒட்டுமொத்தமா புதுப்பிப்பான்னு எனக்கென்ன தெரியும்?"

ஊமைக்குசும்பு என்பது இதுதான். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை.

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். எதையும் பதிவு செய்கிற ஆள் என்பதால் ஆர்டிஸுக்குக் கார்வின் மேல் ஏற்கெனவே சந்தேகம். 'டாக்டர்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் டாக்டருக்கு மட்டும் தடை, சர்ச் தப்பித்துவிடும். அது எனக்கே தோன்றியது என்றால் அவனுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வண்டியிலேயே இருவரும் பண்ணைக்குப் போனோம். ஆர்டிஸ் வேலி ஓரமாக வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் கோல், நான்தான் செஞ்சேன்" என்றான் ஹார்லன்.

ஆர்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரைக் காப்பாத்தறே?"

"யாரையும் இல்ல. நான்தான்."

"உன்கிட்ட அந்த மாதிரி போனே கிடையாது. காப்பிக் கடைல பேரே சொல்லாத ஆளு. நீ போய் மேப்ல போட்டியாக்கும்?"

"கடன் வாங்கின போன்."

"காட்டு."

"அழிச்சுட்டேன்."

"கணக்கு?"

"மூடிட்டேன்."

"பாத்தியா" என்றார் ஆர்டிஸ், என்னைப் பார்த்து. நானும் சாட்சி சொன்னேன். "நீ அவன் சிநேகிதி. அப்படித்தான் சொல்லுவே" என்று தள்ளிவிட்டார். ஹார்லன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, முதலிலிருந்து, பொத்தான் வரை எல்லாவற்றையும் சொன்னான். அவன் ஒருவரிடம் இவ்வளவு உண்மையைத் தொடர்ச்சியாகச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. ஆர்டிஸ் பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு சிக்கலா யோசிக்கறவன் பொய்தான் சொல்லுவான்" என்றார். "அந்த டாக்டர் மேலதான் எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. என் மருமக அவன் போன எடமெல்லாம் கம்ப்யூட்டர்ல காட்டுனா. ஓடுனது, நாயோட நடந்தது, எல்லாம் அதுல இருக்கு. என் நெலத்துல ஒரு தடவைகூடக் கால் வைக்கல. அவன் எங்க போறான்னு நான் பாத்துக்கலாம். உன்னை எங்கடா போய்ப் பாக்கறது?"

சட்டைப் பையிலிருந்து புதுச் சாவி ஒன்றை எடுத்துக் காட்டினார். "கேட்டுக்குப் பூட்டு போட்டாச்சு. இன்னொரு சாவி நேத்து சாயங்காலமே டாக்டர்கிட்ட கொடுத்துட்டேன். யாருக்குப் பாதைல போகணுமோ அவங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கட்டும்."

இனி ஹார்லன் தன் கையால் வெட்டிய பாதைக்கு, தானே திருடன் பட்டம் கட்டிய மனிதரிடம் சாவி கேட்க வேண்டும். நான் உடன் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். திங்கட்கிழமை டாக்டரின் மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனான். மனசு கேட்காமல் நான் எதிர்ப்பக்கக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டான். விரட்டிவிட்டார் என்று நினைத்து ஓடினேன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் சாவி இருந்தது.

"என்னடா சொன்னார்?"

"நான்தான் செஞ்சேன், உங்களைத் தப்பாப் பேசிட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சரின்னார். சாவியைக் கொடுத்துட்டார்."

"அவ்வளவுதானா?"

"பொத்தான் கதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன். வேண்டாம், நீங்க சொன்னாச் சரிதான், நோயாளி காத்திருக்காருன்னுட்டார்." ஹார்லன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். "ஒரு கேள்விகூடக் கேக்கல, ரோ. அப்படியே நம்பிட்டார். ஏன் நம்பணும் அவர்?"

சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.