குறைவுக்குக் காரணம்

என் உடம்பின் எடை குறைந்த அதே மாதங்களில் என் மனைவியின் எடையும் குறைந்தது. இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே மையில், அடுத்தடுத்த பத்திகளில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு அது நலம் தந்தது. அவள் மாசி மாதம் போய்விட்டாள். இன்று காலை அந்த நோட்டை முதலிலிருந்து படித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சிங்காநல்லூரில் பஞ்சு அரைக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு நிறுவைக் குமாஸ்தா வேலை. வண்டியில் வந்திறங்கும் ஒவ்வொரு பொதியையும் மேடைத் தராசில் ஏற்றி, எத்தனை ராத்தல் என்று எழுத வேண்டும். கிடங்கில் கிடந்த பொதியை மறுபடி நிறுக்கும்போது எடை குறைந்திருந்தால், பதிவேட்டின் கடைசிப் பத்தியில் 'குறைவுக்குக் காரணம்' எழுத வேண்டும். ஈரம் காய்ந்திருக்கும், அல்லது சாக்குக் கிழிந்து பஞ்சு சிந்தியிருக்கும். காரணத்தைத் தேடாமல் விட்டிருந்தால் 'விசாரிக்கவில்லை' என்று எழுதி மேலே அனுப்பலாம். அது குமாஸ்தாவுக்குக் கேவலம். இருபது வருஷத்தில் அந்தச் சொல்லை நான் எழுத நேர்ந்ததில்லை.

நாற்பத்தாறாவது வயதில் நான் இருநூற்றுப் பன்னிரண்டு ராத்தல் இருந்தேன். தராசின் முள்ளைக் குனிந்து பார்த்து நிமிர்ந்தால் மூச்சு வாங்கியது. சித்திரை மாதம் டவுனுக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். நெஞ்சில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார்.

"ஒத்தை மாட்டு வண்டியிலே ரெட்டை மாட்டுப் பாரம் ஏத்தியிருக்கீங்க," என்றார். "மருந்தெல்லாம் எழுத மாட்டேனுங்க. நாப்பது ராத்தலை எறக்கிப்போட்டு வாங்க. அதுக்காகப் பட்டினி கெடக்காதீங்க. என்ன திங்கறீங்க, எதுக்குத் திங்கறீங்கன்னு பாத்துத் தின்னுங்க. போதும்."

எழுதாத எதையும் எனக்குப் பார்க்கத் தெரியாது. ஆகவே ஒரு நோட்டு வாங்கினேன். முதல் வாரம் எதையும் குறைக்கவில்லை. தின்றதை அப்படியே எழுதினேன். எத்தனை தரம் சோறு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்திரிகையைத் தொடைமேல் விரித்துக்கொண்டு சாப்பிடுவது என் வழக்கம். அவளைக் கேட்டேன்.

"நாலு தரமுங்க," என்றாள் பெருமையாக. "நாளைக்கு அஞ்சாவது தரம் கேட்டீங்கன்னாலும் சட்டியிலே இருக்குதுங்க."

கலியாணமான புதிதில் எங்களுக்குக் கம்பும் சோளமும்தான். சம்பளம் ஏறிய பிறகு மூன்று வேளையும் நெல்லுச் சோறு ஆயிற்று. அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கிய சோற்றில் குழி பறித்து அவள் நெய் ஊற்றுவாள். அது போக, நான்கு மணிக்கு ஆலைச் சங்கு ஊதினால் காப்பிக் கடைக்குப் போய் இரண்டு பஜ்ஜி. அப்போது பசித்ததா என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். ஒரு நாளும் பசிக்கவில்லை. சங்கு ஊதியது, அவ்வளவுதான்.

பத்திரிகையைச் சாப்பாட்டிலிருந்து விலக்கினேன். ஒரு வாய் எடுத்தால், அது விழுங்கி முடியும்வரை கையை வட்டிலின் ஓரத்தில் வைத்துவிடுவேன். பாதிச் சோறு ஆனதும் நிறுத்தி, ஒரு வாய் மோர் குடித்து, இன்னும் வேண்டுமா என்று வயிற்றைக் கேட்பேன். கால் வயிறு காலியாக இருக்கும்போதே எழுந்துவிடுவது. சோறு பகலுக்கு மட்டும். மற்ற வேளைக்கு ராகிக் களியும் கொள்ளு ரசமும். மூன்றாவது வாரம் பதினொரு மணிக்கு வயிற்றில் ஏதோ செய்தது. காற்று என்று நினைத்துச் சுக்கு மென்றேன். பிறகுதான் அது பசி என்று தெரிந்தது. நெய்யில்லாத களி அன்றைக்கு ருசித்ததுபோல் எந்த விருந்தும் எனக்கு ருசித்ததில்லை.

ஞாயிறுதோறும் காலையில், ஆலைக்கு விடுமுறையாக இருக்கும்போது, மேடைத் தராசில் ஏறி நின்று என்னை நிறுத்துக்கொள்வேன். காவல்காரருக்கு அது ஒரு வேடிக்கை.

"ஏனுங்க கணக்கய்யா, பொதி இந்த வாரம் எத்தனை கொறைஞ்சுதுங்க?"

"ரெண்டு."

"தண்ணி தெளிச்சுக் கொண்டாந்த பஞ்சாட்ட இருக்குது. காயக் காயத்தான் நெசமான எடை தெரியுமுங்க."

வைகாசியில், நான் சாப்பிட்டு முடித்த பிறகே அவள் சாப்பிடும் வழக்கத்தை நிறுத்தினேன். எதிரில் ஒரு பலகை போட்டு உட்காரச் சொன்னேன். கூச்சப்பட்டாள்.

"ஆராச்சும் பாத்தா என்னங்க நெனைப்பாங்க?"

"பசிச்ச ரெண்டு பேரு திங்கறாங்கன்னு நெனைப்பாங்க. உக்காரு அம்மணி."

இருபத்தைந்து வருஷத்தில் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அப்போதுதான். சிறு சிறு உருண்டையாகப் பிடிப்பாள். காரம் பட்டால் இடது கண்ணை மட்டும் மூடுவாள். எங்கள் ஒரே மகளை உடுமலைப்பேட்டையில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்திருந்தது. அந்த மாதங்களில் மறுபடி பேசினோம். பாதியில் நான் கையை நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். "போதுங்களா?" என்று கேட்பாள். நான் பதில் சொல்வேன். அவளை நான் திருப்பிக் கேட்டதில்லை. என் கேள்விதானே, அவள் எனக்காகக் கேட்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

ஆடியில் அவளையும் தராசுக்கு அழைத்துப் போனேன்.

"பஞ்சு மூட்டையாட்ட என்னையும் நிறுக்கறீங்களா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நூற்று முப்பத்தொன்று. அடுத்த வாரம் நூற்று இருபத்தெட்டு. ஆவணி முடிவதற்குள் நூற்றுப் பத்தொன்பது. நான் ஒரு ராத்தல் இறங்க அவள் இரண்டு இறங்கினாள். காவல்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். வட்டிலில் அவள் பாதியை வைத்துவிட்டு எழும்போது, "அதுக்குள்ளயா?" என்றேன் ஒரு நாள்.

"நீங்க சொன்ன கால் வவுத்தை விட்டுப்போட்டேனுங்க."

"கெட்டிக்காரி," என்றேன்.

அதற்குமுன் அவளை அப்படிச் சொன்னேனா என்று நினைவில்லை. நோட்டிலும் இல்லை. அவள் பெயருக்கு நேரே குறைவை எழுதி, பழக்கத்தால் ஒரு காரணப் பத்தியும் கோடு போட்டிருந்தேன். வாரா வாரம் அதில் 'உணவு ஒழுங்கு' என்று எழுதினேன். பதினான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். வாசலில் குழாயடியிலிருந்து அவள் அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது, கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சரசரவென்று போய் நின்றன. மகள் குடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். என்னிடம் வந்தாள்.

"அம்மாவுக்கு என்னங்கப்பா?"

நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். இருபத்திரண்டு ராத்தல் என்றேன்.

"தராசைத்தான் பாத்தீங்களா? மூஞ்சியப் பாக்கலீங்களா?"

மறுநாளே மூவரும் வண்டி கட்டி அதே டாக்டரிடம் போனோம். அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, எப்போதிருந்து சாப்பாடு குறைந்தது என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். எந்த நாளில் எத்தனை உருண்டை, எந்த நாளில் பாதியை வைத்தாள், எந்த நாளிலிருந்து களி வேண்டாம் கூழ் போதும் என்றாள், எல்லாம் அதில் இருந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இத்தனை தெளிவா எனக்கு ஆரும் எழுதிக் கொண்டாந்ததில்லீங்க," என்றார். மூடித் திருப்பிக் கொடுத்தார். வயிற்றில் கட்டி என்றார். கத்தி வைக்கும் நிலை தாண்டிவிட்டது.

"ஆவணியிலே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதை இப்பக் கேக்காதீங்க."

திரும்பி வரும்போது வண்டியில் அவளைக் கேட்டேன், வலித்ததா என்று.

"ஆனியிலிருந்தே உள்ளே எறங்க மாட்டீங்குதுங்க. எறங்குனா வலிக்கும்."

"ஏன் சொல்லலே?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "நல்லாத் திங்கறேன்னு அத்தனை சந்தோசமா எழுதீட்டிருந்தீங்க," என்றாள்.

மார்கழிக்குள் அரிசிக் கஞ்சி மட்டும் ஆயிற்று. நான்தான் கரண்டியில் ஊட்டினேன். ஒரு கரண்டி கொடுத்து, தொண்டை அசைந்து அது இறங்கும்வரை பார்த்திருந்து, அடுத்ததை எடுப்பேன். நாலு கரண்டிக்கு அரை மணியாகும். இடையில் எழுந்து போக வேண்டாமென்று ஆலைக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டேன். போதுமா, போதுமா என்று ஒவ்வொரு கரண்டிக்கும் கேட்டேன். ஒரு நாள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னைக்கு எழுதலீங்களா?"

"இல்லே அம்மணி."

"எழுதுங்க. ஆறு கரண்டி குடிச்சேன்."

எழுதினேன். அதற்குப் பிறகு ஆறு என்று எழுதும் நாள் வரவில்லை.

என் எடை இப்போது நூற்று எழுபத்து நான்கு. டாக்டருக்குத் திருப்தி. மூச்சு வாங்குவதில்லை. அதே பழக்கங்களை ஒன்று விடாமல் வைத்திருக்கிறேன். பாதியில் கை தானாக நிற்கிறது, மோரை எடுக்கிறேன், எதிரே கேட்க ஆளில்லாமல் அந்த இடைவெளி கொஞ்சம் நீளமாக இருக்கிறது. விட்டுவிட நினைத்ததுண்டு. ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்த நாட்களும் அந்தப் பழக்கத்துக்குள்தான் இருக்கின்றன.

நோட்டில் அந்தப் பதினான்கு இடத்தையும் நான் அடிக்கவில்லை. எழுதியதை அடிப்பது என் வழக்கமில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் 'விசாரிக்கவில்லை' என்று எழுதினேன்.

சென்ற வாரம் மகள் வந்திருந்தாள். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் வைத்தாள். எதிர்ப் பலகையில் உட்கார்ந்தவள் பாதியில் கையை எடுத்தாள்.

"போதுங்கப்பா."

"ஏன் கண்ணு போதும்?"

"பஸ்ஸு நின்ன எடத்துலே முறுக்கு வாங்கித் தின்னுபோட்டேனுங்க."

நான் மோரைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்தது. கழுவாத வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையை என் பக்கம் நீட்டினாள்.

"பாத்துக்கங்க," என்றாள்.

வளையல் ஒன்றைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. அதன் பிறகுதான் அடுத்த வாயை எடுத்தேன்.