உடைசல் மேட்டில் ஒரு மாப்பிள்ளை

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருப்பவர்கள் நிறைய பேர். ஆனால் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே விரிசல் இருக்கிறதா என்று சொல்கிற ஆள் நான் ஒருவன்தான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அடுத்தவர் சூளைக்கு மண் சுமந்தவன் இன்று சொந்தச் சூளை வைத்திருக்கிறேன். இதை நானே சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு, என் மகளைப் பெண் கேட்டு நல்லூரிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் வந்தார். மகளுக்கு அவர்மேல் ஆசை. எனக்குச் சந்தேகம்.

"பட்டாளத்துல என்ன வேலை தம்பி?"

"வேவுப் பிரிவு மாமா. எல்லாருக்கும் முன்னாடி போயி, எதிராளி எங்க இருக்கான், என்ன வச்சிருக்கான்னு பாத்துட்டு வரணும்."

"பாத்துட்டு? சுடறதில்லையா?"

"சுட்டா நாங்க வந்தது தெரிஞ்சிடுங்க. உசுரோட திரும்பி வந்து சொல்றதுதான் வேலை."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எட்டிப் பாத்துட்டு ஓடியாறவருக்கா என் பொண்ணு?"

மகள் சீறினாள். "சும்மா இருப்பா! ஒரே எடத்துல ரெண்டு நாளு அசையாம படுத்துக் கெடப்பாங்க. தும்மல் வந்தாக்கூட முழுங்கணும். ஒரு தட்டு நெறைய சாமானை ஒரு நிமிஷம் காட்டிட்டு மூடிடுவாங்க, அத்தனையும் ஒப்பிக்கணும். பயிற்சி தாங்காம ஓடுறவங்கதான் ஜாஸ்தி."

"அப்படின்னா என் பட்டறையில ஒரு பகல் முழுக்க என் கண்ணுல படாம இருங்க தம்பி, பாப்போம். இந்த வாரத்துல எந்த நாளு வேணாலும். நான் புடிச்சிட்டேன்னா பொண்ணு கெடயாது!"

"சரிங்க மாமா" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குத் திருவிழா. லாரிக்காரர் முண்டாசை அவிழ்த்துப் பார்த்தேன். அச்சில் வார்க்கிறவர்கள் முகமெல்லாம் வெள்ளை மண்ணாக இருக்குமே, எல்லோரையும் வரிசையாக முகம் கழுவ வைத்தேன். "இன்னும் எத்தன தடவ மொதலாளி? மூஞ்சியே கரைஞ்சிடும் போலருக்குது!" என்றார் ஒரு அம்மா. காயவைத்திருந்த ஆளுயரப் பொம்மைக்கு விலாவில் கிச்சுகிச்சு மூட்டியும் பார்த்தேன். பொம்மை சிரிக்கவில்லை. பட்டறையே சிரித்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, உடைந்த சாமான்களைக் கொட்டுகிற மேட்டுக்குப் பின்னால் போனேன். அது என் தனி இடம். டாக்டர் எனக்கு இனிப்பை நிறுத்தியதிலிருந்து என் மனைவி வீட்டில் சர்க்கரை டப்பாவையே மாயமாக்கிவிட்டாள். மடியில் மங்கலம்பேட்டை ஜாங்கிரி இரண்டு இருந்தது. நின்று நிதானமாகத் தின்றேன். பாகு ஊறிய காகிதத்தை ஒரு பழைய சாக்கின் மேல் எறிந்தேன். கையோடு கொண்டுபோயிருந்த டீயில் ஆறிப்போன மிச்சத்தையும் அதன் மேலேயே ஊற்றினேன்.

சாயங்காலம் பட்டறை மூடும் நேரத்துக்கு மனைவியும் மகளும் வந்தார்கள். "நாலு நாளாச்சு, ஆளையே காணோம். பயந்துட்டாரு!" என்று நான் அளந்துகொண்டிருந்தபோது, உடைசல் மேடு எழுந்து நின்றது. சாக்கும் மண்ணும் பீங்கான் சில்லும் பொலபொலவென்று உதிர, உள்ளே இரண்டு கண்கள்.

"காலையில கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டேங்க மாமா" என்றவர் விறைப்பாக நின்று ஒப்பிக்க ஆரம்பித்தார். "மண்ணு லாரி ரெண்டு வந்துச்சு. ரெண்டாவதுல பின்பக்க மூட்டையெல்லாம் ஈரம். சூளைப் புகைபோக்கியில மேக்கால விரிசல் இருக்குது."

நான் காணாத விரிசலா! ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. திரும்பி வந்தபோது அவர், "பதினோரு மணிக்கு மாமா மேட்டுக்குப் பின்னால வந்தாங்க" என்று சொல்லி நிறுத்தினார். நான் அவசரமாக வாயோரத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"வந்து?" என்றாள் என் மனைவி.

"காத்து வாங்கிட்டுப் போனாங்க அத்தை."

அடடா! பார்த்ததை யாரிடம் சொல்லக் கூடாது என்பதும் அந்தப் பயிற்சியில் சேர்த்தி போலிருக்கிறது. "பொண்ணு உங்களுக்குத்தான்!" என்று கத்தினேன். மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

மனைவி மட்டும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்ன, கழுத்தெல்லாம் தடிச்சிருக்குது?"

"எறும்புங்க அத்தை."

"பீங்கான் உடைசல்ல எறும்புக்கு என்ன வேலை?"

அவர் மறுபடியும் விறைப்பானார். சிலைபோல் நின்றார். நான்தான் இரண்டு கையையும் தூக்கி, "ஜாங்கிரிப் பாகு" என்று சரணடைந்தேன்.

கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் இனிப்பு வரவில்லை. மனைவி எதிரிலேயே காவல் நின்றாள். பக்கத்து இலையில் மாப்பிள்ளை. அவர் தலை திரும்பவில்லை, கண் அசையவில்லை. ஆனால் நான் அப்பளத்தை எடுத்தபோது அதற்கடியில் பாதி ஜாங்கிரி கிடந்தது. எப்போது வந்தது? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கே தெரியவில்லை! இப்படி ஒரு மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் வேறு யாருக்காவது வாய்த்திருந்தால் வந்து சொல்லட்டும்.