கனடாப் பாடகர் நால்வரும் சுதனின் வைகாசி மாதமும்

இன்று சிட்னியின் டூங்கபியில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் ஓர் இசைத்தட்டைக் கையில் எடுத்தேன். அட்டையில் ஒரே மாதிரிக் கோட்டு, ஒரே மாதிரிச் சிரிப்போடு நான்கு வெள்ளை இளைஞர்கள்.

அங்கே வேலை செய்யும் சுதன் எட்டிப் பார்த்தார். இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர்.

"உவை கனடாக்காரர் அண்ணை. அம்பதுகளில நல்லா ஓடின பாட்டுக்காரர்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில இருக்கேக்க உவையின்ர வரலாற்றுப் புத்தகம் ஒண்டு கிடந்தது. இங்கிலீஷ் படிக்க முழுக்கப் பாடமாக்கினனான்."

சொல்லச் சொன்னேன். நால்வரும் பள்ளிக்கூடப் பாடகர் குழுவில் சந்தித்தது, கறுப்பினத்தவரின் பாடல்களை மறுபடி பாடிப் புகழடைந்தது, ஒவ்வொருவராக விலகியது எல்லாம் திகதியோடு நல்ல ஆங்கிலத்தில் வந்தன. அட்டையின் பின்பக்கத்தோடு ஒப்பிட்டேன். ஒரு பிழையும் இல்லை.

"அப்ப விசா இன்டர்வியூவில வெளுத்து வாங்கியிருப்பீர்."

"எங்க அண்ணை? தம்பியை ஆமி கொண்டுபோனது வைகாசியில. முதல் இன்டர்வியூவில மே எண்டன், ரெண்டாவதில ஜூன் எண்டிட்டன். முரண்பாடாம், நம்பேலாதாம். றிஜெக்ட்."

அடுத்த கிழமை மேன்முறையீடு. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தன் கதையை விட்டுவிட்டு அந்த நால்வரின் கதையையே சொல்லும்படி சுதனுக்கு ஆலோசனை கூறியிருக்கிறேன். அதில் திகதிகள் அச்சில் இருக்கின்றன. ஒருவரையும் யாரும் கொண்டுபோகவும் இல்லை.

சட்டம் படித்த நண்பர்களே, அந்த நான்கு பேரில் சுதன் எவராக இருந்தால் நம்புவார்கள்?