நைட் ஷிப்ட் மாத்திரை

மாமனாருக்குத் தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்தது மாத்திரைக்காகத்தான். அவர் அதில் சீட்டு விளையாடக் கற்றுக்கொண்டது தனிக்கதை. நான் பள்ளி ஆசிரியை. கணவருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். பகலெல்லாம் குவார்ட்டர்ஸில் மாமனார் தனி. சர்க்கரையும் பிரஷரும் தனக்கு உண்டு, மறதி மட்டும் கிடையாது என்பார். அதையே கால் மணி கழித்து மறுபடியும் சொல்வார்.

நானோ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். மகள் ஒருமுறை போனை எடுக்கவில்லை என்றால் அறைத்தோழிகள் அத்தனை பேரையும் எழுப்பிவிடுவேன். அதனால் மாமனாரின் போனில் மூன்று வேளையும் மணியடித்து, திரையில் ‘மாத்திரை’ என்று எழுத்து வரும்படி வைத்தேன். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவின் மேல் என்ன எழுதி ஒட்டலாம் என்று அவரிடமே கேட்டேன். அவரும் சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர்தான்.

“காலை, மதியம்னுலாம் எழுதாதம்மா. நானு என்னா ஸ்கூல் புள்ளயா? ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட்னு போடு.”

போட்டேன். மணி அடித்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் அனுப்புவார். ஆசிரியர் அறையில் அந்த மஞ்சள் விரலைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்வேன். முதல் வாரம் முழுக்க ஒரு வேளைகூட விரல் தவறவில்லை.

அடுத்த வாரம் கணவருக்கு நைட் ஷிப்ட். ஒரு நாள் விடிந்தும், காபி எங்கே என்ற அதட்டல் வரவில்லை. போய்ப் பார்த்தால் மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கைகள் உதறின. சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட் முன்னால் நிற்பவர்போல, மேலே சுற்றும் ஃபேனைக் காட்டி, “பெல்ட்ட நிறுத்துய்யா, ஆளு நிக்கறான் பாரு” என்று என்னைத் திட்டினார். அவர் என்னை ‘ய்யா’ என்று கூப்பிட்டதே இல்லை.

சர்க்கரை இறங்கினால் இப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். சமையலறைக்கு ஓடினேன். அவருக்குப் பயந்து சர்க்கரையை எங்கே ஒளித்துவைத்தேன் என்பது எனக்கே நினைவுக்கு வரவில்லை. கடைசியில் அரிசி டிரம்முக்குள் கையை விட்டு எடுத்து, தண்ணீரில் கலக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தேன். பாதி என் புடவையில் கொட்டியது. மெல்ல மெல்ல அவர் கண் தெளிந்தது. நாக்கால் உதட்டைத் துழாவினார்.

“டிரம்முலயா வெச்சிருந்த? நான் அலமாரி பூரா தேடுனனே.”

அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்தது இளவயது டாக்டரம்மா.

“ராத்திரி என்ன மாத்திரை போட்டீங்க, தாத்தா?”

“ஃபர்ஸ்ட் ஷிப்ட் மாத்திரைங்க.”

“அது காலையில டிபனுக்கு முன்னாடி போடறதாச்சே?”

“அது போன வாரம்ங்க. வாரம் பொறந்தா ஷிப்ட் மாறணும் இல்ல? ஒரே மாத்திரைய எந்நாளும் நைட்டுலயே போட்டுகினு இருந்தா, யூனியன்ல சும்மா வுட்டுருவானா?”

டாக்டரம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. “சர்க்கரை மாத்திரையப் போட்டுட்டு, அதுக்கப்புறம் எதுவும் சாப்பிடாம படுத்திருக்கார். நீங்க இன்னும் கொஞ்சம் லேட்டா பாத்திருந்தா...” என்று நிறுத்தினார். அந்த வாக்கியத்தை இன்றுவரை நான்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

நைட் ஷிப்ட் முடிந்து கணவர் அழுக்கு பூட்ஸோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார், அப்பாவைப் பார்த்தார், மூச்சு விட்டார். உடனே, “அவர் கேக்கறதுலயும் ஒரு நியாயம் இருக்கு இல்ல?” என்றார்.

“வாயத் தொறக்காதீங்க. உங்களையும் பக்கத்து பெட்ல படுக்கவெச்சிருவேன்.”

வீட்டுக்கு வந்ததும் டப்பாக்களில் ஒட்டியிருந்த பழைய சீட்டுகளைக் கிழித்தேன். முதல் டப்பாவில் ‘இட்லிக்கு முன்’ என்று எழுதி ஒட்டினேன். மாமனார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“தோசை சுட்டா என்னாம்மா பண்றது?”

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இவர் செய்வார். தோசை சுட்ட அன்று மாத்திரையைத் தொடவே மாட்டார். அதையும் கிழித்துவிட்டு, ‘காலை டிபனுக்கு முன்’ என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கட்டைவிரல் போதவில்லை. விரல் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். எனக்குக் குரல் வேண்டும். மதிய மாத்திரை நேரத்தில் நான் பள்ளியிலிருந்தே போன் செய்ய ஆரம்பித்தேன். என் பயம் அவருக்கு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. வேண்டுமென்றே மணியை நீள அடிக்கவிடுவார். ஒரு நாள் கடைசி மணி வரை விட்டு எடுத்து, குரலை மாற்றி, “பெரியவரு இல்லீங்களே, யாரு பேசறது?” என்றார்.

“மாமா!”

“பயந்துட்டியா?”

“ஆமா” என்றேன். ஆசிரியர் அறை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். “மாத்திர போட்டுட்டேம்மா” என்றார், இந்த முறை தன் குரலிலேயே.

மறுநாள் மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“உசுரோடதான் இருக்கேன். போய்ப் பாடம் நடத்து.”